கருவியும் காட்சிப் பொருளும்

பயன்படுத்துவதற்கென்றே ஆக்கப்பட்ட பொருளைப் பயன்படுத்தாமல் போற்றி வைப்பது அதற்குச் செய்யும் சிறப்பா, இழைக்கும் அநீதியா? வினா பழமையானது. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் நெய் பூசி அணிசெய்யப்பட்டிருந்த கருவிகளைக் கண்ட ஔவையார், அதியமானின் கருவிகளோ முனை முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடப்பதாகக் கூறியதைப் புறநானூற்றின் 95ஆம் பாடலில் கற்பித்து வருகிறோம். புகழ்வதுபோல் பழித்தல் என்று விளக்கிப் பாடத்தை முடித்தும் விடுகிறோம். வினா மட்டும் முடிவதில்லை.

துப்பாக்கியைச் சட்டம் கடுமையாகக் கட்டுப்படுத்தும் நாட்டில் வாழ்பவர் நாம். ஆயினும் அமெரிக்காவில் பழைய துப்பாக்கி வாங்குவோரிடம் இவ்வினா இன்றும் உயிரோடு உலவுவதைக் காண்கிறோம். 1936இல் அந்நாட்டுப் படை ஏற்றுக்கொண்ட எம்-1 காரண்ட் துப்பாக்கிகள் 50 இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டன. பணிமனைகளில் பிரித்துப் பழுது பார்க்கப்பட்டமையால், பல துப்பாக்கிகளின் உறுப்புகள் ஒன்றில் கலந்திருப்பதே மிகுதி. இலக்கைக் குறிபார்த்துச் சுட விரும்புபவர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. குழலின் தேய்மானத்தை அளந்து பார்ப்பார். மரக்கட்டை கீறியிருந்தால் விலை குறையுமென மகிழ்வார். சேகரிப்பவரோ, தொழிற்சாலையில் பூட்டிய உறுப்புகள் மாறாத அரிய ஒன்றுக்குப் பன்மடங்கு விலை கொடுப்பார். ஜெர்மனியின் லூகர் கைத்துப்பாக்கியில் சிறு உறுப்புகளிலும் எண் பொறித்திருக்கும். எண்கள் யாவும் ஒத்துள்ள ஒன்றைச் சுடும்போது ஓர் உறுப்பு முறிந்தால், மாற்று உறுப்பைப் பூட்டி அதனை மீண்டும் சுடலாம். இழந்த மூலநிலையை மீட்க இயலாது.

இவ்விருவருள் எவர் செய்வது முறை? சுடுபவர் பொருளின் தொழிலை மதிக்கிறார். சேகரிப்பவர் அதன் சான்றை மதிக்கிறார். எல்லாம் புழங்கித் தேய்ந்துவிட்டால், முன்னோர் ஒரு பொருளை எவ்வாறு செய்தனர் என்பதைப் பின்வருவோர் எதைக்கொண்டு அறிவர்? ஆகவே இரண்டும் ஏற்புடையனவே.

ஏற்கத் தயங்க வேண்டியது மூன்றாவது ஒன்று. வின்செஸ்டர் நிறுவனம் 1960களிலிருந்து நினைவுப் பதிப்புத் துப்பாக்கிகள் பலவற்றை விற்றது. விலை உயரும் என்னும் நம்பிக்கையில் பலர் அவற்றை வாங்கிச் சுடாமல் பெட்டியிலேயே பூட்டி வைத்தனர். எல்லோரும் அவ்வாறே காத்தமையால் அவை அரியனவாகவில்லை. எதிர்பார்த்த விலையும் பலருக்குக் கிட்டவில்லை. அவை தொழிலும் செய்யவில்லை. அரிய சான்றாகவும் நிற்கவில்லை.

“கொல்லும் கருவி கிடப்பில் இருப்பதன்றோ நன்று?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஔவையார் சென்றதும் போரைத் தவிர்க்கும் தூதாகவே என்பது மரபு. தேய்ந்த கருவியின் பெருமையைச் சொன்னவரே அது மேலும் தேயாதிருக்க முயன்றார். எனவே, பயன்பாடு என்பதனாலேயே ஒன்று அறமாகிவிடாது. அப்பயன் எதற்கு, எவருக்கு என்பதே அளவுகோல்.

இவ்வளவுகோலை என்மீது வைத்துப் பார்த்தபோது நாணினேன். என் பொறுப்பிலிருந்த பள்ளியில் நன்கொடையாக வந்த நூல்களை, அழுக்குப்படுமென்று அஞ்சி, கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன். வருகை தரும் அதிகாரிகள் பாராட்டினர். ஒருநாள் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, “ஐயா, இந்தப் புத்தகமெல்லாம் யாருக்கு?” என்று கேட்டாள். என்னிடம் விடையில்லை.

மறுபதிப்புக் காணாத பழைய நூல்கள் இரண்டை மட்டும் உள்ளே வைத்தேன், அவை சான்றுகள். ஏனையவற்றை மாணவரிடம் கொடுத்தேன். ஆண்டிறுதியில் சில நூல்கள் அட்டை கிழிந்தும், சில முதுகு பிரிந்தும் திரும்பின. இரண்டு திரும்பவே இல்லை. விடுமுறையின் முதல் வாரம் முழுவதும் பசையும் துணிப்பட்டையுமாக அமர்ந்து அவற்றை ஒட்டிக்கொண்டிருந்தேன். என் ஆசிரியப் பணியில் நிறைவளித்த வாரங்களுள் அதுவும் ஒன்று.