திசைக்கு ஓர் எல்லை

பொருளீட்டக் கடல் கடந்து செல்வது இன்று நம் சமூகத்தாருக்குப் புதிதன்று. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் நெல் விளைத்து வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் கல்வி பெற்றுப் பல நாடுகளில் பணியாற்றுகின்றனர். அது தொழில் கருதிய பயணம். அதனை எவரும் வினவுவதில்லை. ஆனால், காண்பதற்கென்றே, களிப்பதற்கென்றே ஒரு குடும்பம் பத்து நாட்களில் பல நாட்டு நகரங்களைச் சுற்றி வர விரும்புமானால், இல்லறத்தில் நிற்கும் சிராவகன் அதனை எவ்வாறு எண்ணிப் பார்க்க வேண்டும்? இவ்வினா எங்கள் வீட்டிலேயே எழுந்தது. முடிந்த முடிபாக விடை கண்டுவிட்டோம் என்று கூறமாட்டோம். எனினும், நாங்கள் எண்ணியவற்றை வாசகர் முன் வைப்பது பயனுடையதாகும் எனக் கருதுகிறோம்.

கடந்த விடுமுறையில் பழனி மலையிலுள்ள பேத்துப்பாறைக்குச் சென்றிருந்தோம். கொடைக்கானலிலிருந்து பழனிக்கு இறங்கும் சாலையை விட்டுச் சற்று உள்ளடங்கிய சிற்றூர் அது. அங்கே உறவினர் ஒருவருக்குக் காப்பித் தோட்டமும் சிறு வீடும் உண்டு. போகும் வழியில், பழனிக்கு மேற்கேயுள்ள ஐவர்மலையில் ஏறித் தீர்த்தங்கரர்களைத் தொழுதோம். சாந்திவீரக் குரவர் அங்கே பார்சுவநாதர் திருமேனியையும் இயக்கியர் திருமேனிகளையும் புதுப்பித்த செய்தியைச் சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870ஆம் ஆண்டுக் கல்வெட்டு இன்றும் உரைக்கிறது. அம்மா அம்மலையில் நெடுநேரம் அமர்ந்திருந்தார்.

அன்று மாலை, பேத்துப்பாறை வீட்டுக் கூடத்தில் ஐரோப்பாவின் வரைபடத்தை விரித்தோம். எங்கள் குடும்பத்தில் எவரும் இதுவரை அக்கண்டத்தை மிதித்ததில்லை. கல்லூரியில் இறுதியாண்டு பயிலும் மகளும் பள்ளி மாணவனாகிய மகனும் ஒரு பட்டியல் எழுதியிருந்தனர். பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், சூரிச், வெனிஸ், ரோம், வியன்னா என ஏழு நகரங்கள். நாட்கள் பத்து. செல்பவர் ஐவர். பாட்டியை அழைத்துச் செல்வதில் பிள்ளைகளுக்குத்தான் பெருமகிழ்ச்சி. ஆனால் அம்மா, "நான் வருவதற்கில்லை, எனக்கு விரதம் இருக்கிறது" என்றார்.

1986இல் அம்மா சம்மேத சிகர யாத்திரை சென்று திரும்புமுன், முனிவர் ஒருவர் முன்னிலையில் திக்விரதம் ஏற்றிருந்தார். வடக்கே இமயம், மேற்கே கிர்நார் மலை, தெற்கிலும் கிழக்கிலும் கடல். இவற்றைக் கடந்து செல்வதில்லை என்பது அவர் வகுத்துக்கொண்ட எல்லை. வீட்டில் அனைவரும் அறிந்ததே. ஆயினும், பயன்படாத பொருளை மறப்பதுபோல் நாங்கள் அதனை மறந்திருந்தோம்.

திக்விரதம் இல்லறத்தாருக்குரிய குணவிரதங்களுள் ஒன்று. சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இதனை விளக்குகிறார்; அந்நூலின் வழியில் தமிழில் அமைந்த அருங்கலச்செப்பும் இதனை எடுத்துரைக்கிறது. கடல், ஆறு, காடு, மலை, நாடு முதலிய யாவரும் அறிந்த அடையாளங்களைக் கொண்டு பத்துத் திசைகளிலும் எல்லை வகுத்து, உயிருள்ளவரை அதனைக் கடவாதிருத்தலே இவ்விரதம். இதன் உட்கருத்து நுட்பமானது. எல்லைக்கு அப்பால் நாம் செல்வதில்லை. ஆகவே அங்கே நம் பொருட்டு ஓர் உயிருக்கும் துன்பமில்லை, ஒரு பொருள்மீதும் நமக்குப் பற்றில்லை. உலகின் பெரும்பகுதிக்கு இல்லறத்தானும் துறவியைப்போல் ஆகிவிடுகிறான்.

இதனை அறிந்திருந்தும் நாங்கள் வாதிட்டோம். "மக்கள் நடந்தும் மாட்டுவண்டியிலும் சென்ற காலத்தில் வகுத்த நெறியன்றோ இது? இன்று இரவு விமானத்தில் ஏறினால் மறுநாள் பகலில் பாரிஸ்" என்றோம். அம்மா சிறிதும் தயங்கவில்லை. "நடந்துபோன காலத்தில் கால்வலியே எல்லை போட்டுவிடும். பறந்துபோகும் காலத்தில்தான் நாமாக ஓர் எல்லை போட்டுக்கொள்ள வேண்டும்" என்றார்.

"சென்று வந்தபின் கழுவாய் செய்துகொள்ளலாமே" என்றும் கூறிப் பார்த்தோம். கூறிய உடனே எங்களுக்கே நாணமாயிற்று. மறதியால் நேர்ந்த பிழைக்குக் கழுவாய் உண்டு. கழுவாயை முன்கூட்டியே கணக்கில் எழுதி வைத்துக்கொண்டு செய்வது பிழையன்று, விரதபங்கமே ஆகும். 

பாட்டிக்கு வர விருப்பமே இல்லையா என்று மகன் கேட்டான். "ஆசை இல்லை என்று சொன்னால் பொய். உங்களோடு வர எனக்கு ஆசைதான். ஆசையில்லாத இடத்தில் விரதம் எதற்கு?" என்றார் அம்மா. அதன்பின் கூடத்தில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

இங்கே காந்தியடிகள் நினைவுக்கு வருகிறார். 1888இல் அவர் சட்டம் பயில இங்கிலாந்து செல்லவிருந்தபோது, அன்னையார் புத்லிபாய் அஞ்சினார். பேச்சர்ஜி சுவாமி என்னும் ஜைன முனிவர் முன்னிலையில் மது, மாது, புலால் ஆகியவற்றைத் தீண்டுவதில்லை என்று உறுதி ஏற்ற பின்னரே அவருக்கு இசைவு கிடைத்தது. லண்டனில் முட்டை புலாலன்று என்று வாதிட்டவர்கள் இருந்தனர். சிறிது காலம் முட்டை உண்ட காந்தியடிகள், பின்னர் அதனைக் கைவிட்டார். விரதத்தைக் கேட்டுப் பெற்ற அன்னை அச்சொல்லை எப்பொருளில் கொண்டாரோ அப்பொருளே தம்மைக் கட்டுப்படுத்தும் என்று அவர் தெளிந்ததைச் சத்திய சோதனையில் காண்கிறோம். விரதத்தின் சொற்களுக்கிடையே சந்து தேடி நுழைவது அறிவுக்கூர்மை போலத் தோன்றும்; உண்மையில் அது மனத்தின் தளர்ச்சி. அம்மாவின் விரதத்தில் நாங்கள் தேடியதும் அத்தகைய சந்தே.

அங்ஙனமாயின், எல்லை கடப்பவர் யாவரும் தாழ்ந்தவரோ? அன்று. 1893இல் சிகாகோவில் சர்வசமய மாநாடு கூடியபோது, ஆத்மாராம்ஜி எனப்பெற்ற விஜயானந்த சூரிக்கு அழைப்பு வந்தது. துறவு நெறி கப்பற் பயணத்துக்கு இடந்தராமையால் அவர் செல்லவில்லை. தமக்கு மாறாக வீர்சந்த் ராகவ்ஜி காந்தி என்னும் 29 வயது இல்லறத்தாரை அனுப்பினார். கடல் கடந்தமைக்காக வீர்சந்த் காந்தி தம் சமூகத்தாரின் எதிர்ப்பைச் சந்திக்க நேர்ந்தது. ஆயினும், அந்நாட்டார்க்கு ஜைன அறத்தைத் தெளிவுற எடுத்துரைத்தவர் அவரே. ஒருவர் எல்லையில் நின்றார்; ஒருவர் எல்லை கடந்தார்; இருவரும் ஓர் அறத்துக்கே தொண்டு செய்தனர். ஆகவே, எவ்வளவு தொலைவு சென்றோம் என்பதன்று அளவுகோல். ஏற்றுக்கொண்டதைக் காத்தோமா, சென்றதற்கு ஒரு நோக்கம் இருந்ததா என்பவையே அளவுகோல்கள்.

அம்மாவும் இதனையே வேறு சொற்களில் கூறினார்: "என் எல்லை எனக்கு. உங்களைப் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் எல்லை எது என்று நீங்கள் எழுதுங்கள்." இதுவரை அவருடைய விரதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நாங்கள், அப்போதுதான் எங்களைப் பற்றி எண்ணத் தொடங்கினோம்.

வாழ்நாள் முழுமைக்கும் திக்விரதம் ஏற்கும் துணிவு எங்களுக்கு இல்லை. ஆயினும், குறித்த காலத்துக்குக் குறித்த இடத்தை வரையறுத்துக்கொள்ளும் தேசாவகாசிக விரதமும் நம் ஆசாரியர்கள் அருளியதே. ஓராண்டோ, ஒரு மாதமோ, ஒரு நாளோ கூட அதற்குக் காலமாகலாம். அதனை எங்கள் பயணத்துக்கு ஏற்றுக்கொள்ளத் துணிந்தோம். பட்டியலை மீண்டும் கையில் எடுத்தோம்.

கணக்குப் பார்த்தபோது உண்மை விளங்கிற்று. பத்து நாட்களில் சென்று சேரும் நாளும் திரும்பும் நாளும் கழிந்தால் எஞ்சுவன எட்டு. ஏழு நகரங்களுக்கு ஆறு இடமாற்றங்கள். பெட்டி கட்டி, நிலையம் சென்று, வண்டியேறி, புது விடுதி தேடிச் சேர ஒவ்வொன்றுக்கும் அரைநாள் எனில் மூன்று நாட்கள். மீதியுள்ள ஐந்து நாட்களில் ஏழு நகரங்கள். ஒன்றுக்கு ஒருநாள்கூட இல்லை. மூன்று நகரங்களாயின் இரண்டு இடமாற்றங்களுக்கு ஒரு நாள் போக, ஏழு நாட்கள் நம் கையில் நிற்கும். ஆசை ஏழு நகரங்களைத் தருவதாகச் சொல்லி ஏழு நிலையங்களையே காட்டுகிறது. எல்லைதான் ஓர் ஊரை முழுதாகக் காணவிடுகிறது.

திக்விரதத்தின் அதிசாரங்களுள் எல்லையை விரித்துக்கொள்ளுதலும், வகுத்த எல்லையை மறத்தலும் எண்ணப்பட்டுள்ளன. "இவ்வளவு தூரம் சென்றபின் அருகிலுள்ள அதனையும் பார்த்துவிடுவோம்" என்று நாம் கூறுவது முன்னதே. அநர்த்ததண்டத்தை விளக்குமிடத்து, பயனின்றி நிலத்தைத் தோண்டுதல், நீரைச் சிந்துதல், தீ மூட்டுதல், மரஞ்செடி வெட்டுதல் என்பவற்றோடு, பயனின்றித் திரிதலையும் பிறரைத் திரியச் செய்தலையும் ஆசாரியர் சேர்த்துள்ளார். விமானம் எரிக்கும் எரிபொருளால் காற்று மாசுபடுவதை அறிந்த இக்காலத்தார்க்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மகள் மட்டும் உடன்படவில்லை. "மறுபடி எப்போது போவோம்? வெனிஸை ஒருநாளாவது பார்க்கக்கூடாதா?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தவறில்லை. 'இனி வாய்ப்பு வாராது' என்னும் அச்சத்தைக் காட்டியே ஆசை பேசும் என்று நாங்கள் கூறினோம். அவள் மனம் முழுதும் ஆறியதாகத் தெரியவில்லை. எங்கள் மனமும் அப்படியே.

இறுதியில் பாரிஸ், ஆண்ட்வெர்ப், ஆம்ஸ்டர்டாம் ஆகிய மூன்றும் நின்றன. ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தொடர்வண்டியில் ஏறக்குறைய இரண்டு மணி நேர அளவில் செல்லலாம். பாரிசில் தமிழ் கற்பித்த ஜூலியன் வின்சோன், அந்நகர நூலகத்திலுள்ள தமிழ்ச் சுவடிகளைப் பற்றி உ.வே. சாமிநாதையருக்குத் தமிழிலேயே மடல் எழுதியவர். அச்சுவடிகள் உள்ள ஊரைக் காண்பது நமக்குப் பெருமை. ஆண்ட்வெர்ப்பில், குஜராத்திலிருந்து சென்ற வைர வணிகர்கள் எழுப்பிய பளிங்கு ஜிநாலயம் உள்ளது. ஆம்ஸ்டர்டாமுக்கு அத்தகைய காரணம் ஒன்றுமில்லை. கால்வாய்களையும் ஓவியங்களையும் காணவேண்டும் என்னும் பிள்ளைகளின் விருப்பமே காரணம். அதனையும் மறைக்க வேண்டுவதில்லை.

விசா பெறும் வேலையில் வேறொரு சோதனை வந்தது. ஷெங்கன் உடன்பாட்டில் இன்று 29 நாடுகள் உள்ளன. ஒரே விசாவில் அவை அனைத்துக்கும் செல்லலாம். ஆனால் எந்நாட்டில் மிகுந்த நாட்கள் தங்குகிறோமோ அந்நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் தங்குமிடச் சான்றும் காட்ட வேண்டும். முகவர் ஒருவர் தொலைபேசியில், "விரைவில் விசா தரும் நாட்டின் பெயரைப் போட்டுவிடுவோம், விடுதி முன்பதிவுத் தாள் நாங்களே தயாரித்துத் தருவோம், எல்லோரும் செய்வதுதான்" என்றார். சத்திய அணுவிரதத்தின் அதிசாரங்களுள் கூடலேக கிரியை ஒன்று. பொய்யான ஆவணம் எழுதுதல் என்பது அதன் பொருள். பல நூற்றாண்டுகளுக்கு முன் வகுத்த பட்டியல் இவ்வளவு துல்லியமாக நம் வீட்டுக் கதவைத் தட்டும் என நாங்கள் எண்ணவில்லை. அவரிடம் வேண்டாவென்று கூறினோம். விண்ணப்பம் மெய்யான திட்டத்தோடு செல்லும். மறுக்கப்பட்டால் பயணம் இல்லை.

உணவு பற்றிய கவலை நாங்கள் அஞ்சிய அளவுக்கு இல்லை. மே மாத நடுவில் பாரிசில் கதிரவன் மறைய இரவு ஒன்பது மணிக்கு மேலாகும். ஆகவே இரவுண்ணாமையைக் காப்பது எளிது. டிசம்பராயின் மாலை ஐந்து மணிக்குள்ளாகவே இருட்டிவிடும். ரொட்டியிலும் இனிப்பிலும் முட்டை கலந்திருக்குமா என்பதைக் கேட்டறிய வேண்டும். சமைக்கும் வசதியுள்ள இடத்தில் தங்கி, அரிசியும் பருப்பும் உடன் கொண்டுசெல்வதாக முடிவாயிற்று. ஓரூரில் மூன்று நாட்கள் தங்குவோர்க்கே இது இயலும்.

மறுநாட் காலையில் பேத்துப்பாறையின் கற்திட்டைகளைக் காணச் சென்றோம். பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் வைத்த பெருங்கற்காலச் சின்னங்கள் அவை. பிரெஞ்சு நாட்டிலிருந்து வந்து இம்மலையில் தங்கிய ஆங்லேட் பாதிரியார், நியூட்டன் என்பவருடன் சேர்ந்து பழனிமலைக் கற்திட்டைகளைப் பற்றி எழுதிய நூலை 1928இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. ஐரோப்பாவிலிருந்து வந்தவர் ஒரு மலையில் தங்கிக் கல் கல்லாக அளந்து எழுதினார். அவர் நாட்டுக்குச் செல்லவிருக்கும் நாம், நகருக்கு அரைநாள் என்று திட்டமிட்டிருந்தோம். இதனை மகளே முதலில் கூறினாள்.

நாங்கள் செல்லும் பத்து நாட்களும் அம்மா பேத்துப்பாறையிலேயே உறவினர் வீட்டில் தங்குவார். அவரை விட்டுச் செல்வது சரிதானா என்னும் உறுத்தல் எங்களுக்கு இன்னும் தீரவில்லை. அதனைத் தீர்க்கும் வாதம் எதுவும் எங்களிடம் இல்லை. அவர் எங்களிடம் கேட்டது ஒன்றே: மூன்று நகரங்களின் பெயரையும் பத்து நாட்களையும் ஒரு தாளில் எழுதி, 'இதற்குமேல் ஒன்றும் சேர்ப்பதில்லை' என்று நால்வரும் கையொப்பமிட வேண்டும். இட்டோம். தாள் இப்போது எங்கள் பூசையறையில் இருக்கிறது.

வரும் விடுமுறைக்குத் திட்டமிடும் சிராவக சிராவகியர் எவ்வூருக்கேனும் செல்லட்டும். செல்லுமுன் ஒரு தாளில் எல்லையை எழுதிக்கொள்ளட்டும். வீட்டில் முன்னரே எல்லை வகுத்துக்கொண்ட பெரியோர் இருப்பின், அவர்களை வற்புறுத்தாது, அவர்கள் அருகே அமர்ந்து அதனை எழுதட்டும்.