பாதையின் ஹக்கு

பாதை யாருக்குச் சொந்தம்? எளிய கேள்விதான். ஆனால் அதற்கு வாகனம் ஓட்டுவோர் மனத்தில் வைத்திருக்கும் விடையைப் பொறுத்தே பல உயிர்கள் பிழைக்கின்றன.

1888-ஆம் ஆண்டு ஸ்டேன்ஸ் ஆலை தோன்றிய நாள் தொட்டுக் கோவை பஞ்சாலை நகரமாயிற்று. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. ஆலைச் சங்கு ஊதியதும் சைக்கிள்கள் சாரிசாரியாகச் சாலையை நிறைத்த காலத்தை மூத்தோர் அறிவர். அந்தக் கூட்டமே அவர்களுக்குக் காப்பாக இருந்தது. இன்றோ சைக்கிளில் செல்பவர் தனியர். அரசு வழங்கிய சைக்கிளில் பள்ளி செல்லும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை, கீரை விற்கும் முதியவர், திருப்பூர் பனியன் கம்பெனிக்குச் செல்லும் வடநாட்டுத் தொழிலாளி ஆகியோரே பெரிதும் எஞ்சியுள்ளனர். அவினாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் நீள மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. வேகத்திற்கு வழி பிறந்துவிட்டது, மெல்லச் செல்வோருக்கு?

விபத்து நேர்ந்தால், "அவர்தான் குறுக்கே வந்தார்" என்று கார் ஓட்டியவர் கூறுகிறார். சிலபோது அது மெய்யே. விளக்கின்றியும் எதிர்த்திசையிலும் சைக்கிள் ஓட்டுவோர் உண்டு; அது தவறுதான். ஆயினும் இருவர் தவறும் ஒரே எடை உடையதா? சைக்கிள்காரர் தவறினால் பெரும்பாலும் அவரே அடிபடுவார். காரோட்டி தவறினால் மற்றவர் மாய்வார். வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது என்பது பௌதிகம் கற்பிக்கும் பாடம்.

பாதையில் அமர்வோர் பாதையின் ஹக்கை நிறைவேற்ற வேண்டும் என்று பணித்த பெருமானார் (ஸல்) அவர்கள், பிறருக்குத் தொல்லை தராதிருப்பதையும் அந்த ஹக்குகளுள் ஒன்றாக எண்ணிக் கூறினார்கள். இதனை நம் ஃபுகஹாக்கள் சட்டமாகவே விரித்துரைத்துள்ளனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இமாம் மர்கீனானீ இயற்றிய ஹிதாயாவில், சவாரி செய்பவரின் பிராணி வழியில் ஒருவரை மிதித்தால் சவாரி செய்பவரே ஈடு செலுத்த வேண்டும் என்று காண்கிறோம். அதற்குரிய காரணம் ஆழமானது. பொதுவழியில் செல்வது அனுமதிக்கப்பட்டதே. ஆனால் பிறர் பாதுகாப்பு என்னும் நிபந்தனைக்கு உட்பட்டது. ஏனெனில் அவ்வழியில் அவருக்கு இருக்கும் உரிமை மற்றவருக்கும் இருக்கிறது. அக்காலத்துக் குதிரைக்குச் சொன்னது இக்காலத்துக் காருக்குப் பொருந்தாதா?

பிரிட்டனில் 2022 ஜனவரியில் திருத்தப்பட்ட சாலை விதி நூலும் இக்கருத்தையே ஒட்டி நிற்கிறது. மிகுந்த தீங்கு விளைவிக்கக் கூடியவருக்கே மிகுந்த பொறுப்பு என்று அது வகுத்துள்ளது.

ஓட்டுபவரின் போக்கை மாற்றுவது எது? தமிழக அரசு 2022 அக்டோபரில் அபராதத் தொகைகளை உயர்த்தியது. அபராதம் தேவையே. எனினும் அபராதத்திற்கு மட்டும் அஞ்சுபவர், காவலரும் கேமராவும் இல்லாத பொள்ளாச்சிச் சாலையின் இரவில் எவருக்கு அஞ்சுவார்? வண்டியின் வலிமையைத் தம் உரிமையாகக் கருதாமல் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகக் கருதுபவரே அங்கும் வேகம் தணிப்பார்.

அந்த எண்ணம் சிறு செயல்களில்தான் வெளிப்படும். சைக்கிளைக் கடக்கையில் ஒன்றரை மீட்டர் இடம் விடுவது ஜெர்மனியின் நகரச் சாலைகளில் 2020 முதல் சட்டம். நமக்கு அது பண்பாகட்டும். பின்னாலிருந்து ஹாரனை அலறவிட்டு முதியவரைத் திடுக்கிடச் செய்யாதிருப்போம். எதிரே சைக்கிள் வந்தால் முகப்பு விளக்கைத் தாழ்த்துவோம். காரை நிறுத்தி இறங்குகையில் வலக்கதவை இடக்கையால் திறப்போம். உடல் தானே திரும்பும், பின்னால் வருபவர் கண்ணில் படுவார்.

ஹிதாயாவில் இன்னுமொரு நுட்பம் உண்டு. பிராணி நடந்து செல்கையில் பின்னங்காலால் உதைத்தால் சவாரி செய்பவர் மீது ஈடு இல்லை. அதைத் தடுப்பது அவரால் இயலாது. ஆனால் அவர் அதை வழியில் நிறுத்தி வைத்திருக்கையில் உதைத்தால் ஈடு உண்டு. நிறுத்தாமல் இருப்பது அவரால் இயலும் அன்றோ! ஜும்ஆ நேரத்தில் சாலையோரத்தை அடைத்துக் கார்களை நிறுத்திவிட்டு முதல் வரிசைக்கு விரைவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். ஓரத்தை இழந்த சைக்கிள்காரர் பேருந்துக்கு முன்னே நடுச்சாலைக்குத் தள்ளப்படுகிறார். முதல் வரிசையின் நன்மையை நாடுவோர், அந்த மனிதரின் ஹக்கையும் நிறைவேற்றிவிட்டே உள்ளே செல்ல வேண்டும்.