பாதியில் நின்ற பாட்டு

1995 நவம்பர் 6ஆம் தேதி, பிரிட்டனின் குயீன் ராக் இசைக்குழு ‘மேட் இன் ஹெவன்’ ஆல்பத்தை வெளியிட்டது. குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி இறந்து ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் ஆல்பத்தில் பெரும்பாலும் ஒலிப்பது அவர் குரல்தான். 1970இல் பிரையன் மே, ரோஜர் டெய்லர் இருவரோடும் சேர்ந்து குழுவைத் தொடங்கியவர் அவர். அதற்குப் பெயர் வைத்தவரும் அவரே. அப்படிப்பட்டவர் போன பிறகு, அவர் சூட்டிய பெயரில், அவர் குரலைக் கொண்டே ஓர் ஆல்பம் செய்வது முறைதானா?

இதற்கு இரண்டு பதில்கள் எளிதில் வந்துவிடும். ரசிகர்கள் மகிழ்ந்தார்களே, பிறகென்ன என்பது ஒன்று. எல்லாம் காசுக்குத்தானே என்பது மற்றொன்று. இரண்டுமே கேள்வியின் அருகில் வரவில்லை. கேட்க ஆள் இருக்கிறது என்பதால் ஒரு செயல் நியாயமாகிவிடாது. காசு வந்தது என்பதாலேயே அநியாயமாகிவிடவும் செய்யாது. இசை அவர்கள் தொழில், உயிரோடிருந்த காலத்தில் மெர்க்குரியும் விற்பனைக்குத்தான் பாடினார். அந்தக் குரலை அவர் எதற்காக விட்டுச்சென்றார் என்பதையே கேட்க வேண்டும்.

இதற்கான விடையின் பெரும்பகுதி சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ நகரில் இருக்கிறது. அங்கே ஜெனீவா ஏரிக்கரையில் இருந்த ஒலிப்பதிவுக்கூடம் அப்போது குழுவுக்கே சொந்தமாக இருந்தது. குழுவின் ‘இன்யுவெண்டோ’ ஆல்பம் 1991 பிப்ரவரியில் வெளிவந்தது. அதற்குள் எய்ட்ஸ் நோயால் மெர்க்குரி வெகுவாகத் தளர்ந்திருந்தார். எஞ்சிய நாட்கள் எவ்வளவு என்பது அவருக்கும் தெரியும், குழுவின் மற்ற மூவருக்கும் தெரியும். எதையாவது எழுதிக் கொடுங்கள், பாடிவைக்கிறேன், மிச்சத்தை நீங்கள் பிறகு முடித்துக்கொள்ளலாம் என்ற பொருளில் அவர் சொன்னதை மே பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். உடம்பு இடங்கொடுத்த நாட்களில் மெர்க்குரி கூடத்துக்கு வந்தார். மே எழுதிய வரிகளை உடனுக்குடன் பாடினார். பக்க இசைக்குக் காத்திருக்க நேரமில்லாததால் தாளத்துக்கு இயந்திரத்தை ஓடவிட்டுக் குரலை மட்டும் பதிந்தார்கள்.

‘மதர் லவ்’ அப்படிப் பிறந்த பாட்டு. 1991 மே மாதம் அதைப் பாடிக்கொண்டிருந்தவர், கடைசிப் பகுதி பாக்கியிருக்கும்போது, ஓய்வெடுத்துவிட்டு வந்து முடிக்கிறேன் என்று போனார். திரும்பி வரவில்லை. நவம்பர் 24ஆம் தேதி லண்டனில் தன் வீட்டில் இறந்தபோது அவருக்கு 45 வயது. விட்ட இடத்திலிருந்து கடைசிப் பகுதியை மே பாடினார். ஒரு குரல் நின்று இன்னொரு குரல் தொடங்குவது எவர் காதுக்கும் கேட்கும். துண்டு துண்டாக இருக்கும் பழைய பதிவுகளிலிருந்து அந்த இடத்தை ஒட்டி நிரப்பப் பார்த்திருக்கலாம், செய்யவில்லை. எது மெர்க்குரியுடையது, எது மேயுடையது என்று கேட்பவருக்குத் தெரியும்படியே விட்டார். இந்தப் பாட்டை முடிக்காமல் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தால் அதுதான் துரோகமாக இருந்திருக்கும். சாகப்போகிறவர் தெரிந்தே ஒப்படைத்த வேலை அது. நீத்தார் கடன் என்று நாம் சொல்வதில் இதற்கும் இடமுண்டு.

நம் பக்கத்திலும் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. 1954 டிசம்பரில் கல்கி இறந்தபோது ‘அமரதாரா’ தொடர் பாதியில் இருந்தது; அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி அதை முடித்தார். பாரதியின் ‘சந்திரிகையின் கதை’ பாதியில் நின்றது, நின்றபடியே அச்சாகி இன்றும் படிக்கப்படுகிறது. இரண்டும் சரிதான்.

ஆனால் ‘மேட் இன் ஹெவன்’ ஆல்பத்தில் இருப்பவை மோந்த்ரோவில் கடைசியாகப் பாடியவை மட்டுமல்ல. ஆல்பத்துக்குப் பெயர் கொடுத்த பாட்டும் ‘ஐ வாஸ் பார்ன் டு லவ் யூ’ என்ற பாட்டும் 1985இல் மெர்க்குரி தனியாக வெளியிட்ட ‘மிஸ்டர் பேட் கை’ ஆல்பத்தைச் சேர்ந்தவை. குழுவிலிருந்து விலகி நின்று, வேறு கலைஞர்களை வைத்து, அவர் தன் விருப்பப்படி செய்து முடித்த பாட்டுகள். அவற்றிலிருந்து குரலை மட்டும் பிரித்தெடுத்து, சுற்றிலும் மேயின் கிதாரும் டெய்லரின் டிரம்ஸும் ஜான் டீக்கனின் பேஸும் வைத்துப் புதிதாகக் கட்டினார்கள். பழையதைவிட இதுவே கம்பீரமாக இருக்கிறது என்று சொல்லும் ரசிகர்கள் நிறைய. அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒருவர் முடித்து, கையெழுத்திட்டுக் கொடுத்த வேலையை அவர் இல்லாதபோது மேம்படுத்துவதும், அவர் கேட்டுக்கொண்டபடி பாதி வேலையை முடிப்பதும் ஒன்றல்ல.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். என் இசையை வைத்து எது வேண்டுமானாலும் செய்யுங்கள், என்னைச் சலிப்பூட்டுகிறவனாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள் என்ற பொருளில் மெர்க்குரி தங்கள் மேலாளர் ஜிம் பீச்சிடம் சொல்லியிருந்தார் என்பது பீச் வாயிலாகவே வெளிவந்த செய்தி. இவ்வளவு தாராளமாக ஒருவர் அனுமதி கொடுத்த பிறகு குறை சொல்ல மூன்றாம் மனிதருக்கு என்ன இருக்கிறது?

இருக்கிறது. மோந்த்ரோப் பாட்டுகளை முடிப்பது கடன், முடிக்காவிட்டால் தவறு. பழைய பாட்டுகளைத் திருத்துவது வெறும் அனுமதி. செய்யாமல் விட்டாலும் யாருக்கும் எதுவும் குறைந்துவிடாது. அனுமதி எவ்வளவு அகலமாக இருக்கிறதோ அவ்வளவுக்குப் பொறுப்பு முழுக்க இருப்பவர்கள் தலையில் வந்து விழுகிறது, ஏனென்றால் போதும் என்று சொல்ல அவர் இல்லை. ஆகவே அந்த இரண்டு பாட்டுகளைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். கடமை என்ற பெயரில் அவற்றை ஏற்கவும் மாட்டேன். ஒரே ஆல்பத்தில் இரண்டையும் கலந்து, நால்வரும் ஒரே அறையில் உட்கார்ந்து வாசித்ததுபோல ஒலிக்கவிட்டதுதான் அதில் எனக்கு உறுத்தும் இடம்.

இருப்பவர்களின் பங்கையும் மறந்துவிடக்கூடாது. குயீன் ஒரு மனிதரின் சொத்தல்ல. நால்வரும் பாட்டெழுதிய குழு அது. நண்பர் இறந்ததற்காக மற்றவர்களும் தங்கள் இருபது ஆண்டு வாழ்வைக் குழியில் இறக்க வேண்டும் என்று எந்த அறமும் கேட்பதில்லை. டீக்கன் இந்த ஆல்பம் வரை உடனிருந்து, 1997இல் மெர்க்குரியை நினைத்து மூவரும் வெளியிட்ட பாட்டோடு ஒதுங்கிக்கொண்டார். மேயும் டெய்லரும் தொடர்ந்தார்கள். இரு தரப்பின் முடிவும் நியாயமே. பிற்காலத்தில் பாடகர்கள் பால் ராட்ஜர்ஸோடும் ஆடம் லாம்பர்ட்டோடும் மேடையேறியபோது, குயீன் என்ற பெயருக்குப் பின்னால் கூட்டல் குறி போட்டு வந்தவரின் பெயரையும் எழுதினார்கள். சிறிய குறிதான், ஆனால் நேர்மையானது. லெட் ஸெப்பலின் குழு 1980இல் டிரம்மர் ஜான் பானம் இறந்ததும் கலைந்தது. அதே ஆண்டு பாடகர் இயன் கர்ட்டிஸை இழந்த ஜாய் டிவிஷன் குழுவினர் பெயரைக் கைவிட்டு நியூ ஆர்டர் ஆனார்கள். அவரவர் துக்கம் அவரவர் வழியில் போனது.

‘மேட் இன் ஹெவன்’ வெளிவந்த அதே 1995இன் டிசம்பரில் பீட்டில்ஸ் குழுவின் எஞ்சிய மூவரும் ‘ஃப்ரீ ஆஸ் எ பேர்ட்’ பாட்டை வெளியிட்டார்கள். ஜான் லெனன் தன் வீட்டில் பதிந்துவைத்த கேசட், அவர் மனைவி யோகோ ஓனோ வழியாக அவர்கள் கைக்கு வந்திருந்தது. மெர்க்குரிக்கும் லெனனுக்கும் இங்கே பெரிய வேறுபாடு. லெனன் யாரிடமும் எதையும் ஒப்படைக்கவில்லை; அவர் சுடப்பட்டு இறந்தபோது குழு உடைந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன. மனைவியின் சம்மதம் சட்டத்துக்குப் போதும். அறத்துக்கு அது பாதி வழிதான் வரும். 2022இல் குயீன் வெளியிட்ட ‘ஃபேஸ் இட் அலோன்’ இதைவிடச் சிக்கலானது. 1988இல் ‘தி மிராக்கிள்’ ஆல்பத்துக்காக நடந்த பதிவுகளில் உருவான பாட்டு அது. அப்போது நால்வரும் உயிரோடு, ஒன்றாக இருந்தும் ஆல்பத்தில் அதைச் சேர்க்கவில்லை. கலைஞன் வைத்துக்கொண்டதைப் போலவே, வேண்டாம் என்று ஒதுக்கியதும் அவன் தீர்ப்புதான். அந்தத் தீர்ப்பை 34 ஆண்டுகள் கழித்து மாற்ற, அதைச் சொன்ன நால்வரில் ஒருவர் இல்லை.

கேள்வி இப்போது தமிழ்த் திரையிசைக்கும் வந்துவிட்டது. 2024இல் ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிரி எழுடா’ பாட்டில், மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கி ஏ. ஆர். ரஹ்மான் பயன்படுத்தினார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாக அவர் வெளிப்படையாகச் சொன்னார். அது மரியாதையான நடைமுறை. அதைச் செய்யாதவர்கள் இருக்கும் உலகில் அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ‘மதர் லவ்’ பாட்டில் மெர்க்குரி மூச்சிழுத்துத் தானே பாடிய வரிகள் இருந்தன. இங்கே அந்தப் பாடகர்கள் பாட்டைக் கேட்டதும் இல்லை, பாடியதும் இல்லை. ஒரு பாட்டை ஏற்பதும் மறுப்பதும் பாடகனின் கலையில் சேர்ந்ததுதானே? அந்த உரிமை பிள்ளைகளுக்கு உயிலில் வராது.

ஆகவே இன்று பாடிக்கொண்டிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்தப் பாட்டை யார் முடிக்கலாம், எதைத் தொடவே கூடாது, உங்கள் குரலை இயந்திரத்துக்குக் கொடுக்கலாமா கூடாதா என்பதை உயிரோடிருக்கும்போதே எழுதி, கையெழுத்திட்டு, வீட்டாரிடமும் உடன் வாசிப்பவர்களிடமும் கொடுத்துவிடுங்கள். ஆல்பம் வெளியிடுகிறவர்கள், எந்தக் குரல் எந்த ஆண்டில் எதற்காகப் பதியப்பட்டது என்பதைக் கேட்பவருக்குத் தெரியும்படி உறையில் அச்சிட வேண்டும்.