பதினைந்து ஆண்டுக் கல்லறை

மாலை ஆறு மணிக்குச் சிங்கப்பூரின் பீஷான் ரயில் நிலையத்தில் கூட்டம் அலை அலையாக இறங்கும். எதிரே கடைத்தொகுதி, சற்றுத் தள்ளிப் பள்ளிகள், சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள். வீட்டுக்கு விரையும் அந்தக் கால்களுக்குக் கீழே ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இடுகாடு இருந்தது. 1870ல் கான்டனீஸ், ஹக்கா சீனர்கள் தொடங்கிய அதன் பெயர் பெக் சான் தெங். 1980களில் கல்லறைகள் தோண்டப்பட்டன, நிலம் சமன் செய்யப்பட்டது, புதுநகர் எழுந்தது. 'பெக் சான்' என்பதன் மாண்டரின் உச்சரிப்புத்தான் 'பீஷான்'. ஊருக்குப் பெயர் கொடுத்துவிட்டு இறந்தவர்கள் இடம் பெயர்ந்திருக்கிறார்கள்.

இப்படி இடம் பெயர்ந்தவர்கள் அந்தத் தீவெங்கும் உண்டு. தியோங் பாருவின் 'தியோங்' ஹொக்கியன் மொழியில் கல்லறை. 'பாரு' மலாயில் புதியது. ஆர்ச்சர்ட் சாலையின் நீ ஆன் சிட்டி வணிக வளாகம் தியோச்சியு சீனர்களின் பழைய இடுகாட்டின் மேல் நிற்கிறது. இந்தியச் சலவைத் தொழிலாளர்களால் பெயர் பெற்ற தோபி காட்டில் ரயில் நிலையத்துக்காக யூதர்களின் இடுகாடு அகற்றப்பட்டது. பிடாடரியில் கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து எல்லோருக்கும் தனித்தனிப் பகுதிகள் இருந்தன. வடமொழி 'வித்யாதரி' மலாயில் 'பிடாடரி' ஆகி, விண்ணுலக மங்கையைக் குறிக்கிறது. அந்த அழகான பெயர் கொண்ட இடத்தில் 2001 முதல் 2006 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் தோண்டப்பட்டன. இன்று அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) குடியிருப்புகள்.

காரணம் எளிது. நாட்டின் பரப்பு சுமார் 735 சதுர கிலோமீட்டர். அதிலும் ஒரு பகுதி கடலைத் தூர்த்துப் பெற்றது. மக்கள் சுமார் 60 லட்சம். வீடு, சாலை, துறைமுகம், விமான நிலையம், ராணுவப் பயிற்சி நிலம், நீர்த்தேக்கம் எல்லாம் அந்தச் சிறு தீவுக்குள் அடங்க வேண்டும். 1998ல் அரசு ஒரு விதியைக் கொண்டுவந்தது: புதைத்தால் 15 ஆண்டு. அதன்பின் கல்லறை தோண்டப்படும். மதம் அனுமதித்தால் எச்சங்கள் எரியூட்டப்பட்டு அஸ்தி மாடத்தில் வைக்கப்படும். புதைப்பதைக் கட்டாயமாகக் கருதும் மதத்தவருக்குச் சிறிய குழிகளில் மறு அடக்கம் செய்யப்படும். இப்போது நாட்டில் புதைக்க இடம் தரும் ஒரே பொது இடுகாடு சுவா சூ காங். அதிலும் தெங்கா விமானப் படைத்தளத்தின் விரிவாக்கத்துக்காக 80,000க்கும் மேற்பட்ட சீன, முஸ்லிம் கல்லறைகள் அகற்றப்படும் என்று 2017ல் அறிவிப்பு வந்தது.

கணக்கு சரி. ஆனால் இறந்தவருக்கு இருப்பவர் பட்ட கடன் என்ன? 'மண்ணில் உறங்கட்டும்' என்று சொல்லி விடைகொடுத்தவரைப் பதினைந்தாம் ஆண்டில் எழுப்பலாமா? இந்தக் கேள்விக்கு எந்த நிலக் கணக்கும் பதில் சொல்லாது.

சீனர்களிடமிருந்து தொடங்க வேண்டும். மக்கள்தொகையில் நான்கில் மூன்று பங்கு அவர்கள். பெற்றோர் தந்த உடலைச் சிதைக்காமல் மண்ணுக்கு அளிப்பது கன்பூசிய மரபில் பிள்ளையின் கடமை. முன்னோரின் எலும்பு எந்தக் குன்றில், எந்தத் திசை பார்த்து, எந்த நீரோட்டத்துக்கு அருகே கிடக்கிறது என்பதைப் பொறுத்தே சந்ததியின் வாழ்வு அமையும் என்பது ஃபெங் சுயி நம்பிக்கை. அப்படிப்பட்ட மக்கள் இரண்டு தலைமுறைக்குள் எரியூட்டலுக்கு மாறினார்கள். இன்று சிங்கப்பூரில் இறப்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் தீக்குத்தான் போகிறார்கள். இந்த மாற்றம் ஒரே குடும்பத்துக்குள்ளேயே தெரியும். நாட்டின் முதல் பிரதமர் லீ குவான் யூவின் பாட்டனார் புக்கிட் பிரவுன் குன்றில் புதைக்கப்பட்டவர். பேரன் 2015 மார்ச்சில் மண்டாய் தகனச் சாலையில் எரியூட்டப்பட்டார்.

இதை அரசின் வற்புறுத்தல் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. தென்சீனாவின் கான்டனீஸ், ஹக்கா மக்களிடம் இரண்டாம் அடக்கம் என்ற பழைய வழக்கம் உண்டு. புதைத்துச் சில ஆண்டுகள் கழித்து, தசை மண்ணாகிய பின், எலும்புகளை எடுத்துத் துடைத்து, வரிசை தவறாமல் பானையில் அடுக்கி வேறிடத்தில் வைப்பார்கள். வெயில் படாமல் குடை பிடித்து எலும்பெடுக்கும் சடங்கு அவர்களுக்குப் புதிதல்ல. பெக் சான் தெங்கில் கிடந்தவர்கள் இந்த மக்கள்தான். பழைய நிலத்தின் ஒரு சிறு பகுதி இவர்களின் சங்கங்களிடமே இருக்கிறது; அங்கே அஸ்தி மாடம் எழுப்பி, முன்னோரைப் பீஷானிலேயே வைத்திருக்கிறார்கள்.

முஸ்லிம்களின் நிலை வேறு. எரியூட்டலுக்கு இஸ்லாத்தில் இடமே இல்லை. மையத்தை, அதாவது இறந்த உடலை, வலப்புறம் சாய்த்து, மக்காவின் திசையான கிப்லாவை நோக்கி மண்ணில் வைக்க வேண்டும். கபுரின், அதாவது கல்லறையின், கண்ணியத்தைக் காக்க வேண்டும். ஆனாலும் உடல் முழுவதும் மண்ணாகிவிட்டால் அதே குழியில் இன்னொருவரை அடக்கலாம் என்று பழைய சட்ட அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். மக்காவிலும் மதீனாவிலும் பழைய மையவாடிகள் நூற்றாண்டுகளாக அப்படித்தான் நடக்கின்றன. அவசியம் நெருக்கும்போது விலக்கு உண்டு என்ற கோட்பாட்டின்படி சிங்கப்பூரின் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் தோண்டி மறு அடக்கம் செய்வதை அனுமதித்தது. சுவா சூ காங்கில் இப்போது நிலத்துக்குள் கான்கிரீட் சட்டங்களை வரிசையாகப் பதித்து, அவற்றுக்குள் மண்ணில் அடக்குகிறார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபை 1963ல் எரியூட்டலை ஏற்றது. ஆனால் அஸ்தியைத் தூவவோ வீட்டில் வைத்திருக்கவோ கூடாது என்று 2016ல் வத்திக்கான் திட்டவட்டமாகச் சொன்னது. சுவா சூ காங்கில் 2021ல் திறக்கப்பட்ட அஸ்தி தூவும் தோட்டம் அதனால் அவர்களுக்கு ஆகாது. இந்துத் தமிழர்களில் பெரும்பாலோருக்கு இதில் சிக்கலே எழவில்லை: மண்டாயில் தீ, பிறகு கடல். சுவா சூ காங்கில் இந்துக்களுக்கும் ஒரு பகுதி இருக்கிறது. புதைக்கும் வழக்கமுள்ள குடும்பங்களுக்கு அது போதுமானதாக இருக்கிறது.

இவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படுகிறது. இறந்தவருக்குத் தவணை வைக்காத மரபு அரிது. திதி கொடுக்கும் இந்து, தந்தை, பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறையின் பெயர் சொல்லி எள்ளும் நீரும் விடுகிறார். நான்காமவர் அந்த வரிசையிலிருந்து விலகிவிடுகிறார். சீன வீட்டில் முன்னோரின் பெயர்ப்பலகை சில தலைமுறைக்குப் பிறகு குலக்கோயிலுக்குப் போகிறது. கபுரை மண்ணே தின்று முடிக்கிறது. இடைக்கால ஐரோப்பாவில் தேவாலயத்தை ஒட்டிய கல்லறைகளைத் தோண்டி, எலும்புகளை எலும்பு மாடங்களில் சேர்த்தார்கள். நிரந்தரக் கல்லறை என்ற எண்ணமே அண்மைக் காலத்துப் பேராசை. அந்த வகையில், சிங்கப்பூர் மதங்களிடம் கேட்டது அவை கேள்விப்படாத ஒன்றல்ல.

ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. இந்தக் கட்டுரை அதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறது. பழைய தவணைகளை மண்ணும் மறதியும் தலைமுறையும் வைத்தன. புதிய தவணையை நாட்காட்டி வைக்கிறது. உறவினர் அழுது ஓய்ந்தார்களா, கடைசி மகள் இன்னும் உயிரோடு இருக்கிறாளா என்பது பதினைந்து என்ற எண்ணுக்குத் தெரியாது. நிலப் பற்றாக்குறையை ஒப்புக்கொண்டாலும் இந்த இடத்தில் மனம் உறுத்தத்தான் செய்கிறது.

அந்த உறுத்தல் 2011ல் வெளியே வந்தது. 1922ல் நகராட்சி இடுகாடாகத் திறக்கப்பட்ட புக்கிட் பிரவுனில் சுமார் ஒரு லட்சம் கல்லறைகள் இருந்தன. 1973ல் அங்கே புதைப்பது நின்றது. காடு மண்டிய அந்தக் குன்றின் குறுக்கே எட்டுத் தடச் சாலை போடப்படும் என்ற அறிவிப்பு வந்ததும், அதுவரை எழாத எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்களில் பலருக்கு அங்கே சொந்தக் கல்லறை கிடையாது. கல்வெட்டுகளைப் படித்தார்கள், சில கல்லறைகளுக்கு இருபுறமும் காவல் நிற்கும் சீக்கியச் சிலைகளைப் படம் எடுத்தார்கள், வார இறுதிகளில் மற்றவர்களை அழைத்துப் போய்க் காட்டினார்கள். 2014ல் உலக நினைவுச்சின்ன நிதியம் தன் கண்காணிப்புப் பட்டியலில் அந்தக் குன்றைச் சேர்த்தது. சாலை நிற்கவில்லை, 2018ல் லோர்னி நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. அதற்காகச் சுமார் 3,700 கல்லறைகள் அகற்றப்பட்டன. ஆனால் அகற்றும் முன், அரசின் ஆதரவோடு ஓர் ஆய்வுக் குழு அந்தக் கல்லறைகளை ஆவணப்படுத்தியது. போராட்டம் பெற்றுத் தந்தது அது, சிறிய வெற்றியல்ல.

உரிமை கோரி யாரும் வராத எச்சங்கள், மதத் தடை இல்லையென்றால், எரியூட்டப்பட்டு, சில காலம் காத்திருந்து, கடலில் கரைக்கப்படுகின்றன. இங்கேதான் நிலத்தைவிடப் பெரிய பற்றாக்குறை தெரிகிறது. 2023ல் சிங்கப்பூரின் கருவள விகிதம் 0.97. ஒரு பெண்ணுக்கு ஒரு குழந்தைகூட இல்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐந்தில் ஒருவர் தமக்கு மதம் இல்லை என்றார். சீனர்கள் முன்னோரை வணங்கும் சிங் மிங் நாளில் கல்லறையைக் கூட்டவும், தர்ப்பணத்தில் பெயர் சொல்லவும், ஃபாத்திஹா ஓதவும், தேவாலயத்தில் பூசைக் கருத்து எழுதிக் கொடுக்கவும் ஒரு பிள்ளையோ பேரனோ வேண்டும். இறந்தோர் கடனை எல்லா மதங்களும் குடும்பத்தின் தோளில் வைத்திருக்கின்றன. அந்தத் தோள்கள் குறைகின்றன. திருமணம் செய்யாதவரும் பிள்ளை இல்லாதவரும் பெருகும் நகரத்தில், கல்லறைக்கு ஐம்பது ஆண்டு கொடுத்தாலும் வந்து நிற்க ஆள் வேண்டுமே.

அப்படியானால் அந்தக் கடனின் ஒரு பங்கைச் சமூகம்தான் ஏற்க வேண்டும். இடத்தை எடுத்துக்கொள்ளும் அரசு பெயரைக் காக்கும் பொறுப்பையும் எடுத்துக்கொள்வது நியாயம். புக்கிட் பிரவுனின் மிச்சக் குன்று நீண்ட காலத் திட்டத்தில் குடியிருப்புக்காகவே குறிக்கப்பட்டிருக்கிறது. அங்கே இன்னும் பல்லாயிரம் கற்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் பெயர், சொந்த ஊர், பிள்ளைகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. முதல் மண்வெட்டி இறங்குவதற்கு முன் அத்தனை கற்களும் படிக்கப்பட்டு, படமெடுக்கப்பட்டு, யாரும் பார்க்கும்படி பொதுவில் வைக்கப்பட வேண்டும். 3,700 கல்லறைகளுக்குச் செய்ய முடிந்ததை மற்றவற்றுக்கும் செய்ய முடியும்.