எட்டு நாள் உறவு

நாய்க்குட்டி எங்கள் வீட்டுக்கு வந்த எட்டாம் நாள் அதற்கு வாந்தியும் இரத்தக் கழிச்சலும் கண்டன. பார்வோ வைரஸ் என்றார் மிருக வைத்தியர். 1978ஆம் ஆண்டளவில் உலகெங்கும் பரவிய இந்நோய் குடலின் உட்சுவரை அரித்துவிடும். சேலைன் ஏற்றி, உடல் தானே போராடி மீளும்வரை தாங்கிப் பிடிப்பதே பெரும்பாலும் சிகிச்சை. "செலவு அதிகம். வேண்டாமென்றால் ஊசி போட்டு உறங்க வைக்கலாம்" என்றார்.

யாழ்ப்பாணத்திலிருந்து பெரியம்மா தொலைபேசியில், "இந்தக் காசுக்கு இங்கே ஒரு பிள்ளை வருடம் முழுக்கப் படிக்குமே, தம்பி" என்றார். மறுக்க முடியவில்லை. ஆனால் போன மாதம் புதுச் சோபா வாங்கியபோது அந்தப் பிள்ளை எங்கள் நினைவுக்கு வரவில்லையே! நாயின் உயிர் என்றதும் மட்டும் தர்மக்கணக்கு ஏன் எழுகிறது?

இன்னொன்றும் உறுத்தியது. தடுப்பூசிகளை 16 வார வயதுவரை தவணை தவணையாகப் போட்டு முடிக்க வேண்டும். அதற்கு முன்பே, பிள்ளைகள் கேட்டார்கள் என்று பூங்காவுக்குக் கொண்டுபோனவர்கள் நாங்கள்தான். எங்களைத் தேடி அது வரவில்லை. நாங்கள்தான் எடுத்து வந்தோம். அந்தக் கடனுக்கு எட்டு நாள் என்ன, எட்டு வருடம் என்ன?

சிகிச்சைக்குச் சம்மதித்தோம். வீடு திரும்பிய குட்டிக்கு, வைத்தியர் சொற்படி, சைவ வீடாயிருந்தும் கராஜில் வைத்துக் கோழி அவித்தோம். தின்றது.

பெரியம்மாவிடம் அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்டிருக்கிறோம்.