பிறமொழிப் பாட்டும் நம் பெண்மக்களும்

அமராவதித் தண்ணீர் பாயும் நம் கொமரலிங்கம் பகுதியில் இப்போது ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளைகள் ஜப்பானியப் பாட்டையும் கொரியப் பாட்டையும் செல்போனில் கேட்டு, வரிக்கு வரி மனப்பாடம் செய்து பாடுகிறார்கள். பெற்றோருக்கோ அதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. "இது ஹலாலா, ஹராமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் ஹஜ்ரத்!" என்று அத்தாமார்கள் கேட்கிறார்கள். ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்தான். அந்த ஒரு வார்த்தையோடு பெற்றோரின் பொறுப்பு தீர்ந்துவிடுமா என்பதே நாம் இங்கே சிந்திக்க வேண்டியது.

2024 ஜனவரியில் கரூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த எட்டாம் வகுப்புச் சிறுமியர் மூவர், வீட்டில் சொல்லாமல் கிளம்பிவிட்டனர். மூவருக்கும் வயது 13. பி.டி.எஸ். என்னும் கொரியப் பாடகர் எழுவரை நேரில் காண வேண்டும். விசாகப்பட்டினம் போய்க் கப்பலேறினால் கொரியா சேரலாம் என்பது அவர்கள் போட்ட திட்டம். கையில் இருந்தது ஏறக்குறைய 14,000 ரூபாய். காட்பாடி ரயில் நிலையத்தில் அவர்கள் மீட்கப்பட்டார்கள். அல்லாஹ் காப்பாற்றினான்! அந்தப் பாடகர்கள் ஏழு பேரும் 2023 டிசம்பருக்குள் தங்கள் நாட்டின் கட்டாயப் பணியில் சேர்ந்துவிட்டிருந்தார்கள். யாரைத் தேடி அந்தக் குழந்தைகள் புறப்பட்டார்களோ, அவர்கள் அப்போது மேடையிலேயே இல்லை.

இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. சிரிக்கத்தக்க செய்தியா இது? 13 வயதுப் பிள்ளைக்குக் கடல் கடந்த அந்நியர் நெருக்கமாகவும், சொந்த வீடு தூரமாகவும் தோன்றியது எப்படி என்று கேட்க வேண்டாமா?

அந்த நெருக்கம் தானாக உண்டானதன்று. கணக்குப் போட்டு விற்கப்படும் சரக்கு. ஜப்பானில் இத்தகைய பாடகர்களை 'ஐடல்' என்பார்கள். 2005-ல் டோக்கியோவில் தொடங்கிய ஏ.கே.பி. 48 என்ற பெண்கள் குழு, பாட்டுத்தட்டு வாங்கியவர்களுக்குப் பாடகியின் கையைச் சில நொடிகள் குலுக்குவதற்குச் சீட்டுக் கொடுத்தது. 2009 முதல், குழுவில் யார் முன்னிற்பது என்று வாக்கெடுப்பு நடத்தி, வாக்குச் சீட்டையும் தட்டோடு சேர்த்து விற்றது. அதற்காக ஒரே தட்டைப் பல பிரதிகள் வாங்கியவர்கள் உண்டு. ஒரு பாட்டைக் கேட்க ஒரு தட்டுப் போதும். மற்றத் தட்டுகளுக்குக் கொடுத்த காசு எதற்கு? "நான் உனக்கு வேண்டியவள்" என்ற எண்ணத்துக்குக் கொடுத்த விலை அது.

'ஐடல்' என்பது ஆங்கிலத்தில் சிலையைக் குறிக்கும் சொல். சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் "ஷிர்க்!" என்று பிள்ளை மீது பாய்வது அறிவாகாது. அவள் யாரையும் வணங்கவில்லை. வேற்று மொழி என்பதற்காக வெறுப்பதும் முறையன்று. மனிதரின் மொழிகள் வேறுபட்டிருப்பது இறைவனின் அத்தாட்சிகளில் ஒன்று என்று குர்ஆன் ஷரீபின் ரூம் சூரா உணர்த்துகிறது.

இசைக் கருவிகளைப் பெரும்பாலான உலமாக்கள் தடுத்திருக்கிறார்கள். அதை இலேசாக்க நாம் முன்வரவில்லை. ஆயினும் ஹிஜ்ரி 505-ல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், தமது 'இஹ்யா'வில் பாட்டுக் கேட்பதைப் பற்றித் தனிப் பகுதியே எழுதி, நுட்பமான ஒன்றை எடுத்துக்காட்டுகிறார்கள். பாட்டு உள்ளத்தில் இல்லாததைக் கொண்டுவந்து வைப்பதில்லை. ஏற்கெனவே உள்ளதைத்தான் அசைக்கிறது என்பது அதன் கருத்து. அப்படியானால், பாட்டை மட்டும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது பாதி வேலை. அது எதை அசைத்தது என்று பிள்ளையின் உள்ளத்தையும் விசாரிக்க வேண்டும்.

நம் வட்டாரத்தின் நிலையைப் பாருங்கள். விடியுமுன் மில் வண்டி வந்துவிடுகிறது. அத்தா பனியன் கம்பெனியில், அம்மா நூல் மில்லில். ஓவர் டைம் முடிந்து வீடு சேர இரவாகிறது. பள்ளி விட்டு வரும் பெண்ணுக்குத் துணையாக இருப்பது செல்போன் ஒன்றே. கொரோனாக் காலத்தில், 2020-ல், பாடம் படிக்கவென்று நாமே வாங்கிக் கொடுத்தது அது! வயிற்றுப்பாட்டுக்காக உழைக்கும் பெற்றோரைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் காலியாக விட்ட இடத்தில் வியாபாரி வந்து உட்கார்ந்துவிட்டான் என்பதை மறுக்கவும் இயலாது.

இங்கே நாயகம் (ஸல்) அவர்களின் நடைமுறை நமக்கு வழிகாட்டுகிறது. ஒரு பெருநாளில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில் இரு சிறுமியர் பாடினர். அபூபக்கர் (ரலி) அவர்கள் அதட்டியபோது, பெருநாளாயிற்றே, விட்டுவிடுங்கள் என்று நபியவர்கள் தடுத்தார்கள். பள்ளிவாசலில் அபிசீனியர் ஈட்டி விளையாடியதை ஆயிஷா நாயகி பார்க்க விரும்பியபோது, தம் மேலாடையால் மறைத்து, அவர்களாகச் சலித்து விலகும் வரை நின்றுகொண்டே இருந்தார்கள். விளையாட்டில் ஆசையுள்ள இளம் பெண்ணின் நிலையை நீங்களே கணித்துக்கொள்ளுங்கள் என்று அன்னையவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்ததை ஹதீது நூல்களில் காண்கிறோம்.

பார்க்க அனுமதித்தார்கள் என்பதோடு அந்தச் செய்தி முடியவில்லை. கூடவே நின்றார்கள்! திரையும் அவர்களே, துணையும் அவர்களே. நம்மில் பலர் திரை போடுகிறோம். உடன் நிற்க மறந்துவிடுகிறோம். உடன் நிற்காதவன் போடும் தடை, கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பாட்டுக் கேட்கத்தான் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும்.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பிள்ளைகள் பாட்டின் பொருளைத் தேடித் தேடி அறிகிறார்கள். அயல் நாட்டு எழுத்தையும் தாமாகவே பழகுகிறார்கள். மதரஸாவில் அதே பிள்ளை யாஸீனை முழுதும் ஓதுகிறாள். அதில் ஓர் ஆயத்தின் பொருளை அவளுக்குச் சொன்னவர் உண்டா? கீழக்கரை செய்யிது ஆசியா உம்மா, தென்காசி ரசூல் பீவி போன்ற பெண்மணிகள் தமிழில் ஞானப் பாடல்கள் பாடியவர்கள் என்பதை நம் வீட்டில் எந்தப் பெண்பிள்ளை அறிவாள்?

ஆகவே அத்தாமார்களே, அம்மாமார்களே! இன்றிரவு போனைப் பிடுங்குவதற்கு முன், "இந்தப் பாட்டுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும் வரை கேளுங்கள். தொழுகையைத் தவறவைப்பது எது, வெட்கத்தைக் குலைப்பது எது, பணத்தைக் கறப்பது எது என்று பிறகு எடுத்துச் சொல்லுங்கள். நம் சொல் அவள் செவியில் ஏற வேண்டுமானால், முதலில் அவள் சொல் நம் செவியில் ஏற வேண்டும்.

நம் மக்களைக் கண்குளிர்ச்சியாக ஆக்கி, அவர்களுடன் நிற்கும் பொறுமையையும் வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.