திறனுக்குச் சாட்சி யார்?

ஒருவனுக்குத் தொழில் தெரியும் என்பதற்குச் சாட்சி யாது? அவன் செய்த வேலையா, அவ்வேலையைப் பற்றிக் கூறும் ஏடா? வன்னிப் பெருநிலத்தில் இது வெறும் தருக்க வினாவன்று. வயிற்றோடு தொடர்புடைய வினாவாகும்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில், சில துளி பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓடச் செய்தவர்கள் இந்நிலத்துத் தொழிலாளர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலியைப் பேச வைத்தவர்களும் அவர்களே. அத்திறனுக்கு எவரும் சான்றிதழ் வழங்கவில்லை. பலரிடம் இருந்த பத்திரங்களும் 2009இல் இடம்பெயர்ந்த வழிகளிலே தொலைந்தன.

இக்குறைக்குப் பரிகாரம் இல்லாமலில்லை. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழு, ஏழு மட்டங்கள் கொண்ட தேசிய தொழிற்றகைமை முறையை நடத்துகிறது. பயிற்சி நிலையத்தின் படியேறாது பட்டறையிலே கற்றவனும், மதிப்பீட்டாளர் முன்னிலையில் தன் வேலையைச் செய்துகாட்டித் தகைமை பெறலாம். பின்னர், சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் துணையோடு, தகைமையையும் அனுபவத்தையும் மின்னணு முறையிற் காட்டும் ‘திறன் கடவுச்சீட்டும்’ வந்தது. “உனக்கு என்ன தெரியும்?” என்று கேட்டே கூலியைக் குறைக்கும் தந்திரத்துக்கு இவை தடையாகுமாயின், வரவேற்கத்தக்கவையே.

ஆயின், அனுபவம் என்பது திறன் மட்டுமன்று. ஆண்டுகளும் இடங்களும் சேர்ந்தது. போர்க்காலத்தில் எங்கே, யாரிடம் வேலை செய்தாய் என்ற கட்டத்தை வன்னித் தொழிலாளி எவ்வாறு நிரப்புவான்? நிரப்பினால் சந்தேகம், வெறுமையாக விட்டால் அனுபவமில்லாதவன் என்ற பெயர். உண்மை சொல்பவனையும் மௌனம் காப்பவனையும் ஒருங்கே தண்டிக்கும் பதிவு நீதியானதாகுமா?

வேலை கொடுப்பவனுக்கு முழு வரலாறும் அறியும் உரிமை உண்டென்று சிலர் வாதிப்பர். அவன் விலைகொடுத்து வாங்குவது உழைப்பை, வாழ்க்கையை அன்று. சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்கிறதா என்பதே மேசனுக்குரிய சோதனை. அவன் எவரது ஆட்சியில் அத்தொழிலைக் கற்றான் என்பது சுவருக்குத் தெரியாது. மின்னிணைப்புப் போன்ற உயிராபத்துள்ள தொழில்களிற் சோதனை கடுமையாகவே இருக்கட்டும். ஆனால் அது இன்றைய வேலையின் சோதனையாக இருக்கட்டும்.

ஆகவே, பதிவு தொழிலாளியின் உடைமையாக வேண்டும். அதில் எதைத் திறந்து காட்டுவது என்பதை அவனே தீர்மானிக்க வேண்டும். மதிப்பீட்டாளரும் நகரத்துக் கட்டடத்தில் காத்திராது, முத்தையன்கட்டின் பட்டறைக்கும் மாங்குளத்தின் தச்சுக்கொட்டிலுக்கும் செல்ல வேண்டும்.

சான்று இல்லாமையைத் திறனின்மையாகக் கொள்ளும் வழக்கம் நமது வகுப்பறைகளிலேதான் தொடங்குகிறது. ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நாமே அதனை அங்கு முடித்துவைப்போம்.